ஏற்றுமுன் இயல்

பழைய இன்ஜின் ஒன்றை வாங்கி வண்டியில் ஏற்றும் முன் அதற்குச் செய்யத்தக்கவை, செய்யத்தகாதவை இன்னவை என்று உரைப்பது இச்சிறு நூல். பாயிரம் இல்லாதது நூலாகாது என்பதால் அதை முதலில் முடித்துவிடுவோம். இந்நூல் வழங்கும் எல்லை: வடக்கே விருதுநகர், மேற்கே ராஜபாளையம், கிழக்கே அருப்புக்கோட்டை, தெற்கே வைப்பாற்றங்கரைச் சாத்தூர், நடுவே சிவகாசியும் திருத்தங்கலும். நுதலிய பொருள்: மாருதி 800, ஆம்னி, அம்பாசிடர், டீசல் ஸ்விஃப்ட் முதலியவற்றின் இன்ஜின். கேட்போர்: பாடி நன்றாயிருக்கிறது, இன்ஜின் போய்விட்டது, புதுக் கார் வாங்கக் காசில்லை என்னும் மூன்று இலக்கணமும் ஒருங்கே அமைந்தவர். பயன்: ஏற்றிய இன்ஜினை மறுபடி இறக்காதிருத்தல்.

பயன் அற்பமாகத் தோன்றலாம். இறக்கி ஏற்றும் கூலியை இரண்டாம் முறை கொடுத்தவரைக் கேட்டால் அவர் அப்படிச் சொல்லமாட்டார்.

இத்துறையில் இதுவரை இரு மரபுகள் உண்டு. 'தொடாதே' மரபினர், ஓடுகிற இன்ஜினில் கை வைப்பது பாவம், வாங்கினோமா ஏற்றினோமா என்றிருக்க வேண்டும் என்பர். 'முழுக்கப் பிரி' மரபினர், கடைசி போல்ட் வரை கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு எல்லாவற்றையும் மாற்றினாலன்றி அது இன்ஜினே அல்ல என்பர். முன்னவரிடம் ஏற்றிய இன்ஜின் சீக்கிரமே பட்டறைக்குத் திரும்பி வரும். பின்னவரிடம் கொடுத்தது பட்டறையை விட்டு வெளியே போகவே போகாது. லேத்துக்குப் போன கிராங்க் வரவில்லை, ரிங் செட் மதுரையில் சொல்லியிருக்கிறது என்று பொங்கலும் போய் பங்குனிப் பொங்கலும் வந்துவிடும். இரண்டையும் மறுத்து இந்நூல் மூன்றாவது நெறி ஒன்றை நாட்டுகிறது. பாகங்களை விலையால் பிரிக்கலாகாது. ஏற்றியபின் கை எட்டுமா, எட்டாதா என்றே பிரிக்க வேண்டும். அதற்குப் போகுமுன் காசு, பிறப்பிடம், புகை என்னும் மூன்றையும் கடந்தாக வேண்டும்.

காசு

பட்ஜெட் என்று எல்லோரும் பொதுவாகச் சொல்வது உண்மையில் மூவகைப்படும்: போனஸ் காசு, சீட்டுக் காசு, அடகுக் காசு.

போனஸ் காசு தீபாவளியை ஒட்டி ஆலைகளிலும் அச்சகங்களிலும் கைக்கு வருவது. வீட்டில் துணிமணி எடுத்து, பலகாரத்துக்குக் கொடுத்து, மிஞ்சியதே இன்ஜினுக்கு. ஆகவே அதன் அளவு துணிக்கடையில் தீர்மானமாகிறது. சீட்டுக் காசுக்கு நாள் தெரியும் என்பதால் முன்கூட்டியே ஒவ்வொரு சாமானாக வாங்கிச் சேர்க்கலாம். இந்நூலாசிரியரின் ஆசி பெற்ற காசு அது. அடகுக் காசு கையில் வந்த நாளிலேயே வட்டி ஓடத் தொடங்குவது. அதனால் அதற்கு உடையவர் பட்டறை வாசலிலேயே உட்கார்ந்து "இன்னைக்கே ஏத்திருங்க அண்ணாச்சி, பெறகு பாத்துக்கிடலாம்" என்பார். அந்தப் பெறகு எப்போது வரும் என்றால், பின்பக்க ஆயில் சீல் கசியும்போது வரும். நல்ல மேஸ்திரி "எவ்வளவு வச்சிருக்கீங்க" என்று கேட்பதற்கு முன் "எந்தக் காசு" என்று கேட்பார். கேட்டு யாரும் பார்த்ததில்லை, ஆனாலும் கேட்கத்தக்கது.

பிறப்பிடம்

பழைய இன்ஜின் சென்னைப் புதுப்பேட்டையிலிருந்து வரலாம். மதுரைக் காயலான் கடையிலிருந்து வரலாம். பக்கத்துத் தெருவில் இடித்துக்கொண்டு நிற்கும் உடைப்பு வண்டியிலிருந்தும் வரலாம். இவற்றைக் குறிஞ்சி, முல்லை என்று திணை வகையால் பிரிக்க யாருக்கும் ஆசை எழும். தமிழில் எதை எழுதினாலும் ஐந்திணைக்குள் அடைக்கும் பழக்கத்தை இந்நூலாசிரியர் ஏற்பதில்லை. ஒன்றுக்கு மட்டும் விலக்கு தருகிறார்: நெய்தல்.

நெய்தல் இன்ஜினாவது தண்ணீரில் மூழ்கியது. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் முதலில் சென்னையிலும் பிறகு தூத்துக்குடி, ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலும் வெள்ளத்தில் நின்ற கார்களை எண்ணிப்பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டிய சமயம் அது. அந்த வண்டிகளின் இன்ஜின்களெல்லாம் எங்கே போயிருக்கும் என்று கடைக்காரரைக் கேட்காதீர்கள், இன்ஜினையே கேளுங்கள்.

கேட்கும் முறை இது. ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜின் தண்ணீரை உறிஞ்சினால், காற்றைப்போலத் தண்ணீர் அமுங்கிக் கொடுக்காது. பிஸ்டன் மேலே வர வழியின்றிக் கன் ராடு லேசாக வளையும். வளைந்த ராடோடும் இன்ஜின் ஓடும்; அதனால்தான் அதை விற்கவும் முடிகிறது. ராடு வளைந்த பிஸ்டன் மற்றவற்றைவிடச் சற்றுத் தாழ்வாகவே மேலே வந்து நிற்கும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துளை வழியே மெல்லிய குச்சியை விட்டு, பிஸ்டன் உச்சிக்கு வரும்போது குச்சியில் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இப்படி. குச்சி சாய்வாகத்தான் இறங்கும் என்றாலும் எல்லாத் துளையிலும் ஒரே சாய்வு என்பதால் ஒப்பீடு பிழைக்காது. ஒரு கோடு மட்டும் விலகி நின்றால், விலை எவ்வளவு மலிவாயினும் கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம். குச்சிக்கு நம் ஊரில் பஞ்சமில்லை: வெடிக்காத ராக்கெட்டின் மூங்கில் குச்சியே போதும். மருந்தை எடுத்துவிட்டுக் குச்சியை மட்டும் கொண்டுபோவது முக்கியம்.

நெய்தல் அல்லாத இன்ஜின்களுள் நம் மாவட்டத்திலேயே கிடந்தது மேலானது. மழை குறைந்த, காய்ந்த காற்றுள்ள பூமி என்பதால்தான் தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே வேர் பிடித்தன. அதே காய்ச்சல் பழைய இன்ஜினின் போரையும் துரு ஏறாமல் காக்கிறது. கடலோரத்தில் ஓர் ஆண்டு கிடந்த இன்ஜினில் ரிங் சுவரோடு ஒட்டிக்கொண்டு ஜாமாகிவிடும். சிவகாசிக் கொட்டகையில் கிடந்தது கையால் திருப்பினால் சுற்றும். எதிர்வாதமும் உண்டு. கரிசல் புழுதியிலும் சுண்ணாம்புக்கல் லாரி ஓடும் சாலையிலும் ஏர் ஃபில்டர் கிழிந்தபடியே ஓடிய வண்டியாயின், துரு செய்யாததைத் தூசி செய்திருக்கும். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து உள்பக்கம் விரலால் தடவிப் பார்ப்பது ஜாதகம் பார்ப்பதைவிடப் பயன் தரும்.

புகை

நிறத்தைப் பார்த்து உள்ளே எரிவது இன்னதென்று சொல்ல இந்த ஊர்க்காரருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. சிவப்பு என்றால் ஸ்ட்ரான்சியம், மஞ்சள் என்றால் சோடியம், நீலம் என்றால் தாமிரம், பச்சை என்றால் பேரியம். 2018இல் உச்ச நீதிமன்றம் பேரியத்தைத் தடுத்த பிறகு பச்சை பற்றிய பேச்சு சற்றுத் தாழ்ந்த குரலில் நடக்கிறது. இன்ஜினின் புகைக்கும் இதே இலக்கணம். நீலம் அடித்தால் ஆயில் எரிகிறது. விடாத வெள்ளையும் தித்திப்பு வாடையும் என்றால் கூலன்ட் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோலோ டீசலோ தேவைக்கு மேல் எரிகிறது. மூன்றனுள் கறுப்பு மலிவு, வெள்ளை நடுத்தரம், நீலம் விலை அதிகம். ஆனால் நீலத்துக்குள் ஓர் உட்பிரிவு உண்டு. நிறுத்திவைத்த வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒரு வீச்சு நீலம் வந்து அடங்கினால் அது வால்வு சீல். ஹெட்டைக் கழற்றினால் முடியும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் நீலம் வந்தால் அது ரிங். இந்த வேறுபாடு தெரியாமல் வால்வு சீலுக்குப் போர் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

இன்ஜின் வண்டியிலிருந்து இறங்கிக் கடையில் கிடந்தால் புகை எங்கே பார்ப்பது? பிளக்கில் பார்க்கலாம். எண்ணெய்ப் பசையோடு கறுத்த பிளக் ரிங்கைச் சொல்லும். உலர்ந்த கரி கலவையைச் சொல்லும். மூன்றில் ஒன்று மட்டும் கழுவிவிட்டதுபோல் பளிச்சென்றிருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் போய் ஆவியாகிக்கொண்டிருந்தது என்று பொருள். பளிச்சென்றிருப்பதைக் காட்டியே விற்கும் கடைகளும் உள.

பிற ஊர்களில் ஆயில் குடிக்கும் இன்ஜின் காசைத்தான் தின்னும். இங்கே அப்படி விட்டுவிட முடியாது. ஆயில் எரிந்து படியும் கரி, சூடேறியபோது கனன்ற துகளாகச் சைலன்சர் வழியே பறக்கும். பட்டாசுக் கிடங்குப் பக்கம் போகும் வண்டிக்குப் புகைக்குழாயில் தீப்பொறித் தடுப்பான் கேட்பது இதனால்தான். ஆம்னியில் மருந்து ஏற்றப்போவதில்லை என்பீர்கள். அந்தப் பக்கம் ஆளை இறக்கிவிடப் போகமாட்டேன் என்றும் சொல்வீர்களா?

புகையை அடுத்துப் பிரஷர். கியர்பாக்ஸோடு சேர்த்து வாங்கினால் ஸ்டார்ட்டரைப் பூட்டி, பேட்டரி கொடுத்து, தரையில் வைத்தே சுற்றிக் கம்ப்ரஷன் பார்க்கலாம். எல்லாப் பிளக்கையும் கழற்றியிருக்க வேண்டும். கார்புரேட்டரின் வாய் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். இங்கே எண்ணைவிட எண்களின் ஒற்றுமை பெரிது. மூன்று சிலிண்டரும் 11, 11, 10.5 என்று வரும் இன்ஜின், 13, 13, 8 என்று வருவதைவிட நூறு மடங்கு மேல். குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயிலை ஊற்றி மறுபடி சுற்ற வேண்டும். பிரஷர் ஏறினால் ரிங். ஏறவில்லை என்றால் வால்வோ ஹெட் பேக்கிங்கோ. ஒரு கரண்டி ஆயில் இவ்வளவு சொல்லும்போது அதைக் கேட்காமல் பிரிப்பவரை என்னென்பது.

எட்டாமை

நூலின் உயிர்நிலை இதுவே.

இன்ஜின் கீழே கிடக்கும்போது எல்லாமே கைக்கு எட்டும். ஏற்றியபின் சில எட்டும், சில எட்டா. எட்டாதவற்றை, பழையது நன்றாயிருப்பதுபோல் தோன்றினாலும், கையோடு மாற்றிவிட வேண்டும். எட்டுபவற்றை, பழையது ஓடும்வரை ஓடட்டும் என்று விட்டுவிட வேண்டும். காசு பத்தாதவர் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார். புதுப் பிளக், புது வயர், புது ஃபேன் பெல்ட், மினுங்கும் ஏர் ஃபில்டர் என்று கண்ணுக்குத் தெரிவதில் செலவழித்து, கிராங்கின் பின்பக்க ஆயில் சீலைப் பழையதாகவே விடுகிறார். சில நூறு ரூபாய்ச் சாமான் அது. அது கசிந்தால் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் கிளட்ச் பிளேட் ஆயிலில் நனைந்து வழுக்கும். அதை மாற்றக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். சாமான் விலையைவிடக் கூலி பல மடங்கு. ஆகவே எட்டாமை இலக்கணத்தில் முதலிடம் பின்பக்க ஆயில் சீலுக்கே. அதனோடு கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், பிளாக்கின் பின்பக்கத்துக் கோர் பிளக் ஆகியவை ஓரினம். கோர் பிளக் என்பது ஒரு சிறு தகர மூடி. துருவேறி ஓட்டையானால் ரேடியேட்டரில் ஊற்றிய தண்ணீரெல்லாம் ஃபயர்வாலுக்கும் இன்ஜினுக்கும் நடுவே யாரும் காணாதபடி ஒழுகும்.

எட்டுதல் வண்டிக்கு வண்டி மாறும் என்பதையும் உரைகாரர் மறக்கலாகாது. அம்பாசிடரின் பானெட்டைத் திறந்தால் இன்ஜினுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இறங்கிநின்று வேலை பார்க்கலாம். 2014இல் அந்தக் காரின் உற்பத்தி நின்றபோது மெக்கானிக்குகள் வருந்தியதற்கு இதுவும் காரணமாயிருக்கும். ஆம்னியிலோ இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில். சீட்டைத் தூக்கினால் மேல்பாதி தெரியும். கீழ்ப்பாதிக்குப் படுத்துக்கொண்டு போக வேண்டும். அம்பாசிடரில் எட்டும் இனத்தைச் சேர்ந்த ஒரு நட்டு ஆம்னியில் எட்டாத இனத்துக்கு மாறிவிடும். மேஸ்திரியின் கைப்பருமனுக்கு ஏற்பவும் மாறும். மெலிந்த பையன்களுக்குப் பட்டறையில் மதிப்பு இருப்பது அதனால்தான்.

ஆயில் பேனை இறக்குவதும் இவ்வினமே. அடியில் படிந்த வண்டலை வழித்து, ஆயில் உறிஞ்சும் வடிகட்டியை டீசலில் அலசிப் பூட்ட வேண்டும். பேன் இறங்கியிருக்கும்போதே ஒரு பிக் எண்ட் மூடியைக் கழற்றிப் பேரிங்கைப் பார்த்துவிடலாம். வெள்ளை உலோகம் மங்கலாக இருந்தால் சரி. செம்பு தெரிந்தால் மாற்ற வேண்டும். அகத்தைப் பார்க்க இதைவிட மலிவான சன்னல் இல்லை.

எட்டுவன, எட்டாதன என்னும் இரண்டுக்கும் வெளியே மூன்றாவது ஓரினம் உண்டு: எட்டினாலும் விடத்தகாதவை. டைமிங் பெல்ட் அதன் தலைவன். பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதும் வகை இன்ஜின்கள் பல. பழைய பெல்ட்டில் எத்தனை கிலோமீட்டர் மிச்சம் என்று எந்தக் கடைக்காரரும் அறியார். ஃபியட்டின் 1248 சிசி டீசல் இன்ஜின் ஸ்விஃப்ட்டிலும் டாடா, ஃபியட் வண்டிகளிலும் ஓடியதால் பழையது எளிதாகக் கிடைக்கும்; அதில் பெல்ட்டுக்குப் பதில் செயின். செயின்தானே என்று இருந்துவிடக் கூடாது. ஆயில் மாற்றாமல் ஓட்டிய இன்ஜினில் அதுவும் தளரும். ஒரு கம்பெனி வண்டியின் இன்ஜினை இன்னொரு கம்பெனி வண்டியில் ஏற்ற நினைப்பவர் இன்ஜினோடு அதன் கம்ப்யூட்டரையும் கேட்டு வாங்காவிட்டால், எல்லாம் பூட்டியபின் சாவியைத் திருப்பினால் விளக்கு மட்டும் எரியும்.

தெர்மோஸ்டாட்டும் இந்த மூன்றாம் இனம். "நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு" என்று கழற்றி எறிவது பல பட்டறைகளின் தினசரிச் சடங்கு. வெயில் நாற்பது டிகிரி. இன்ஜின் ஓட வேண்டிய சூடு எண்பதுக்கும் மேல். அந்தச் சூட்டுக்குச் சீக்கிரம் போகாத இன்ஜினில் பெட்ரோல் சுவரில் வழிந்து ஆயிலைக் கழுவும், ரிங் தேயும். ஓவர்ஹீட் ஆவதற்குத் தெர்மோஸ்டாட்டைக் குற்றம் சொல்பவர், பிளாக்குக்குள் உப்புப் போர்த் தண்ணீர் கட்டிவைத்த சுண்ணாம்பைப் பார்த்ததில்லை. கூலன்டும் பேட்டரித் தண்ணீரும் ஊற்ற வேண்டிய இடத்தில் வீட்டுக் குழாயை நீட்டிவிட்டு விதியை நோவது வழக்கமாயிருக்கிறது.

இனி ரிங். "எப்படியும் பிரிச்சாச்சு, ரிங் மட்டும் போட்டுருவோம் அண்ணாச்சி" என்னும் வாக்கியம் இத்துறையின் மிக விலையுயர்ந்த வாக்கியம். பிரஷர் ஒத்து வந்த இன்ஜினில் ஹெட்டுக்குக் கீழே கை வைக்கலாகாது. பிரஷர் இல்லாத இன்ஜினில் ரிங் மட்டும் போடலாகாது. தேய்ந்த போரின் மேல்முனையில் ஒரு படி இருக்கும். புது ரிங் அந்தப் படியில் முட்டி ஒடியும். ஆம்னியின் 796 சிசி இன்ஜினில் போர் 68.5 மில்லிமீட்டர்; அது தேய்ந்தால் போர் போட்டு 25 சைஸோ 50 சைஸோ பிஸ்டன் ஏற்றுவதே வழி. அவ்வளவு காசு இருந்தால் இந்நூலைப் படிக்கத் தேவையில்லை. வேறு இன்ஜின் பார்க்கலாம்.

பேக்கிங்

ஹெட்டைக் கழற்றியவர் பாட்டத்தின் மேல் நேர்விளிம்புக் கம்பியை வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைத்துப் பார்க்க வேண்டும். 0.05 மில்லிமீட்டருக்கு மேல் நுழைந்தால் லேத்தில் ஃபேசிங். வால்வுகளைப் பேஸ்ட் போட்டுக் கையால் தேய்த்து உட்கார வைப்பது காசு கேட்காத வேலை, பொறுமை கேட்கும் வேலை. அடகுக் காசுக்காரரால் ஆகாது.

ஹெட் பேக்கிங் கடையில் வாங்கியதாகவே இருக்க வேண்டும். மற்றவற்றுக்குச் சிவகாசி ஒரு தனிச் சலுகை தருகிறது. பழைய தினசரிக் காலண்டர் அட்டையை மூடியின் மேல் வைத்து, சுத்தியலின் உருண்டை முனையால் ஓரங்களைத் தட்டினால், அச்சொட்டிய பேக்கிங் அப்படியே வெட்டுப்பட்டு விழும். பக்கத் தகட்டுக்கும் டைமிங் மூடிக்கும் இது தாங்கும் என்பது பழைய மேஸ்திரிகளின் துணிபு. கிராஃப்ட் அட்டை நல்லது. வழவழப்பான ஆர்ட் போர்டு ஆயிலில் உரிந்துவிடும். அச்சகத்தில் வேலை பார்த்த எவரும் ஜிஎஸ்எம்மைத் தொட்டே சொல்வார் என்பதால் இந்த ஊரில் அளவுகோல் தேவைப்படுவதில்லை. அம்பாசிடர், பத்மினி காலத்தில் டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்ட்டைத் தீப்பெட்டி மருந்துப்பட்டையில் உரசிச் சுத்தம் செய்து, இடைவெளிக்கு ஒரு விசிட்டிங் கார்டை நுழைத்து வைத்தார்கள். 0.4 மில்லிமீட்டர் வேண்டிய இடத்தில் கெட்டிக் கார்டு அவ்வளவே வரும். உப்புத்தாளும் ஃபீலர் கேஜும் விற்கும் கடைக்காரர் மட்டும் இதை ஏற்பதில்லை.

'தடவுவோர்' என்றொரு கிளைமரபைக் கண்டித்தாக வேண்டும். பேக்கிங் இருக்கவேண்டிய இடமெல்லாம் டியூப் டியூபாகப் பசை பிதுக்குவர். வெளியே பிதுங்கியது அசிங்கம்; உள்ளே பிதுங்கியது ஆபத்து. அது உரிந்து, நீங்கள் அலசிப் பூட்டிய அதே வடிகட்டியை அடைக்கும். எண்ணெய் பரோட்டா சுடும் விருதுநகரில்கூட இன்ஜின் எண்ணெயின்றிச் சாகும் வழி இது.

சில்வர் பெயின்ட் அடிப்போரைப் பற்றி ஒரு வரி போதும்: அவர்கள் கழுவாத இடத்திலும் அடிப்பார்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு எலுமிச்சம்பழமும் கற்பூரமும் அவரவர் விருப்பம். கற்பூரத்தைப் பெட்ரோல் ஹோஸிலிருந்து தள்ளி ஏற்றுங்கள். நல்ல நேரம் காலண்டரில் இருக்கிறது. அதைவிட முக்கியம், பிளக்குகளைப் பூட்டாமல் வெறும் ஸ்டார்ட்டரில் சுற்றி, ஆயில் விளக்கு அணைந்த பிறகே உயிர் கொடுப்பது. மாதக்கணக்கில் கிடந்த இன்ஜினின் பேரிங்கில் ஆயில் இராது. அந்த முதல் சில நொடிகளிலேயே அது தேயத் தொடங்கும். ஓட்டிச் சூடேற்றி, நிறுத்தி, அந்த ஆயிலை வடித்துவிட்டுப் புது ஆயிலும் ஃபில்டரும் போட வேண்டும். வடித்த ஆயிலைக் காந்தம் விட்டுத் துழாவிப் பார்ப்பவர் கற்றவர்.

புறனடை

சொல்லாமல் விட்டதைச் சொல்வது புறனடை. இன்ஜினுக்கு ஓர் எண் உண்டு, ஆர்.சி.யிலும் அந்த எண் உண்டு. இரண்டும் ஒன்றாயிருக்க வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, மாற்றம் செய்யப் பதிவு அலுவலகத்தின் அனுமதி வேண்டும் என்கிறது. பத்துக்குக் குறையாத போக்குவரத்து வண்டிகள் உடையவருக்கு, அதே கம்பெனியின் அதே வகை இன்ஜினை முன் அனுமதியின்றி மாற்றிக்கொள்ள அரசு இசைவு தரலாம் என்று ஒரு சலுகையும் வைத்திருக்கிறது. ஒற்றை ஆம்னிக்காரர் அந்த இனத்தில் சேரார். மாற்றியபின் பதினான்கு நாளுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளவும் சொல்கிறது. ஆகவே இன்ஜின் வாங்கும்போதே பழைய வண்டியின் ஆர்.சி. நகலும் கடைக்காரரின் பில்லும் கையில் இருக்க வேண்டும், இல்லையேல் டி.என். 67, 84, 95 எதுவானாலும் ஆர்.டி.ஓ. ஆபீசில் உங்களுக்குச் சொல்லப் பதில் இராது. எண்ணைப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுக்க வேண்டியிருக்கும். பெயின்ட் அடித்தே தீருவேன் என்பவர், பிளாக்கில் அந்த இடத்தை மட்டும் செலோடேப் ஒட்டி மறைத்துக்கொள்ளவும்.